ஜப்பான் கோயிலில் ஒரு வாளித் தண்ணீர்

எங்கள் வட்டாரத்தில் என்னை ‘ஜப்பான் போர்மேன்’ என்பார்கள். டீக்கடையில் இந்தப் பெயரைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், நான் ஏதோ ஜப்பானுக்குப் போய்ப் பட்டாசுத் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவன் என்று நினைத்து எழுந்து இடம் கொடுப்பதும் உண்டு. நானும் உட்கார்ந்துகொள்வேன். பெயர் வந்த கதையை நானாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம், புதிதாகப் போர்மேன் வேலைக்கு வந்திருக்கும் பையன்களுக்கான பயிற்சி வகுப்பில் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். வெடியுப்பு, கந்தகம், காற்றின் ஈரம் என்று தொண்டை வறளப் பேசி முடித்து, “சந்தேகம் இருந்தா கேளுங்கப்பா” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “ஐயா, ஜப்பான்ல சாமி கும்பிடப் போன எடத்துல நீங்க வாளியத் தூக்குனீகளாமே, நெசமா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவர்கள் விழித்துக்கொண்டதே அப்போதுதான். அரைகுறையாகப் பரவுவதற்கு நானே முழுசாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் அச்சங்குளம். படிப்பு ஏறாத மண்டை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் அடுக்குகிற ஆளாகச் சேர்ந்து, ஸ்டோரில் கொஞ்ச காலம் மூட்டை எண்ணி, போர்மேன் பரீட்சை எழுதி ஒருமுறை கோட்டை விட்டு, மறுமுறை எப்படியோ தேறினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், “போர்மேன்னா என்ன வேலை மாப்ளே?” என்று கேட்டார். “கத்துற வேலை மாமா” என்றேன். அடக்கமான பையன் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். நான் சொன்னது அப்பட்டமான உண்மை என்று அவருக்குப் பிறகு தெரிந்தது. வீட்டிலும் என் குரல் அப்படியேதான் இருந்தது.

காலையில் கேட்டில் நின்று கத்த வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன், செருப்பு எல்லாம் வாட்ச்மேன் அறையில். நைலான் சட்டை போட்டு வந்தால் வீட்டுக்கு. மருந்து அறைக்குள் போவதற்கு முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவுகள். ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர்த் தொட்டி, சிவப்பு வாளிகள். யாராவது எந்த வாளியையாவது எடுத்துக் கால் கழுவியிருந்தால் அன்றைக்கு என் குரல் ஆலங்குளம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். இதையெல்லாம் விட முக்கியமான கத்தல் ஒன்று உண்டு. புகையையோ தீயையோ கண்டால் போர்மேன் “ஓடு!” என்று கத்த வேண்டும். எல்லோரும் வெட்டவெளிக்கு ஓடிக் குப்புறப் படுக்க வேண்டும்.

போர்மேனாகி முதல் வாரத்திலேயே கத்திவிட்டேன். மருந்து அறைகளுக்குப் பின்னால் குபுகுபுவென்று புகை. நான் போட்ட சத்தத்தில் கம்பெனி முழுக்க ஓடி உடைமுள் காட்டில் போய் விழுந்தது. கடைசியில் பார்த்தால், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயி சருகைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறார். பெண்கள் முழங்கையில் முள் பிடுங்கிக்கொண்டே என்னை வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது. சீசன் நேரம் வேறு. அன்றைக்கு ஆர்டர் லோடு போகவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தன் கம்பெனி கேட்டிலேயே தன் செருப்பைத் தானே கழற்றி, செல்போனை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். குரலை உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, “பாப்போம்” என்பார். சம்பள உயர்வா? பாப்போம். கூரைக்குப் புது ஓடா? பாப்போம். மகனுக்குப் பெண் வந்திருக்கிறதா? பாப்போம். அந்த வார்த்தைக்கு ஆமாம் என்றும் அர்த்தம் கிடையாது, இல்லை என்றும் கிடையாது. என் வேலை போய்விட்டது என்றுதான் நான் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைக்காமல் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்.

“போர்மேன் ஓடுன்னு சொன்னா ஓடணும். ஏன், எதுக்குன்னு கேள்வியெல்லாம் படுத்ததுக்கு அப்புறம். நான் இங்கன நின்னாலும் நானும் ஓடுவேன். ஓடுனவுக யாரும் திரும்பிப் போகக் கூடாது. எதையும் எடுக்கவும் போகக் கூடாது, யாரையும் கூப்பிடவும் போகக் கூடாது.”

அன்றைக்கு அது கம்பெனிச் சட்டமாகி, பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பரவியது. ஆனால் அண்ணாச்சி இருக்கிற நேரத்தில் நான் கத்தும்படி ரொம்ப வருஷங்களுக்கு நேரவில்லை. அவர் ஓடுவதைப் பார்க்க எனக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

செல்லையா என்று ஒருவன். மருந்து கலக்குகிறவன். என்னைவிட இளையவன். கலவை வேலை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே நடக்கும். ரப்பர் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் மரச்சட்டச் சல்லடையில் சலித்து, கையால் பிசறிக் கலக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, தூசி கிளப்பக் கூடாது. செல்லையாவின் கை தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது போல ஓடும். ஒருநாள் காற்று வறண்டு கிடந்தது. நான் அடுத்த அறை வாசலில் நின்று ஒருத்தி போட்டிருந்த ஹேர்பின்னுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு வெளிச்சம். “ஓடு” என்று நான் வாயைத் திறப்பதற்குள் செல்லையாவின் அறைக்குக் கூரை இல்லை. அத்தனை வருஷம் கத்திப் பழகிய எனக்கு அன்றைக்குக் கத்துவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

செல்லையா பின்கதவு வழியாக வெளியே விழுந்து பிழைத்துக்கொண்டான். கால்கள் இரண்டும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிச் செலவு, இருந்த நாட்களுக்குச் சம்பளம் எல்லாம் அண்ணாச்சி குறைவில்லாமல் செய்தார். ஆனால் முட்டிக்குப் பின்னால் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. நடக்கலாம், உட்காரலாம். ஓட முடியாது. அண்ணாச்சி அவனைக் கேட்டில் உட்காரும் வேலைக்குப் போட்டார். அடுத்த சீசன் வந்தது. கலக்க ஆள் கிடைக்கவில்லை. செல்லையாவே என்னிடம் வந்தான்.

“அண்ணே, என்னையப் பழைய அறைக்கே அனுப்புங்க. அது உக்காந்து பாக்குற வேலதான? வாட்ச்மேன் கூலியில பிள்ளைகளப் படிக்கவைக்க முடியல.”

“ஏலே, ஓடணும்னா என்னலே செய்வ?”

“போன தடவ மட்டும் ஓட நேரமா இருந்துச்சு?”

அவன் பழைய அறைக்கே போனான். அவன் மனைவி பாக்கியம் எங்கள் கம்பெனியிலேயே லேபிள் ஒட்டும் ஷெட்டில் இருந்தாள். எங்கேயாவது ஒரு தகர டப்பா விழுந்தாலும் அவள் தலை கலவை அறைப் பக்கம் திரும்பும். கை லேபிளை ஒட்டிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் செல்லையா கலக்கி முடிக்கும்வரை நான் அவன் வாசலில் நிற்பேன். நின்று என்ன கிழிக்கப்போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அப்போதுதான் ஜப்பான்காரர்கள் ஒரு கலவை மெஷின் செய்வதாகக் கேள்விப்பட்டேன். மருந்தைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு ஆள் வெளியே வந்துவிடலாம். கனமான சுவருக்கு அந்தப் பக்கம், தள்ளி நின்று பட்டனை அமுக்கினால் பாத்திரம் தானாக உருண்டு கலக்கும். நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். “பாப்போம்” என்றார். மறுபடி சொன்னேன். “கைப் பக்குவம் மெஷினுக்கு வருமாய்யா? மருந்து கெட்டுப்போனா வெடி புஸ்ஸுன்னு போயிரும். பேரு போயிரும். பாப்போம்” என்றார். பார்த்துப் பார்த்தே வருஷங்கள் ஓடின. கடைசியில் அந்த மெஷின் கம்பெனியே எங்கள் பக்கத்து முதலாளிகள் சிலரை ஜப்பானுக்குக் கூப்பிட்டது. ஆளுக்கு ஒரு போர்மேனையும் அழைத்துவரலாம் என்றார்கள். அண்ணாச்சி என்னையும், தன் மனைவியையும் அழைத்துக்கொண்டார். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா காலேஜில் படித்தவர். இங்கிலீஷ் சரளமாக வரும். முட்டிவலி மட்டும் பாடாய்ப் படுத்தும். கையில் குடை இல்லாமல் நடக்க மாட்டார்.

விமான நிலையத்திலேயே என் மானம் போனது. ஒரு சிறு துணியால் என் கையைத் துடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி கூவியது. மறுபடி துடைத்தார்கள். மறுபடி கூவியது. வாழ்நாள் முழுக்க வெடிமருந்தில் புரண்ட கையை எந்த சோப்புதான் சுத்தம் செய்யும்? என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். “பட்டாசு” என்று நான் பெருமையாகச் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் வந்து சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி வந்து பேசி என்னை மீட்டுப் போனார். விமானத்தில் ஏறிய பிறகு, எமர்ஜென்சிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். அதன் பிறகு அந்தப் பெண் என் வரிசைக்கு ஜூஸ் கொண்டுவரவில்லை.

மெஷினைப் பார்த்தோம். அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். மற்ற முதலாளிகளும் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். அண்ணாச்சி வாங்கினால் தாங்களும் வாங்கலாம், அவர் வாங்காவிட்டால் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் மத்தியானம் முடிவு சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பாட்டில் அக்கா கொண்டுவந்த பருப்புப்பொடியைப் பிசைந்துகொண்டே, “என்ன அண்ணாச்சி, சரின்னு சொல்லிருவோமா?” என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை சும்மா இருக்க வேண்டாம் என்று கியோட்டோ நகரத்தின் பழைய கோயில்களைக் காட்ட அரைநாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். வழிகாட்டியாக சச்சிகோ என்று ஒரு அம்மா வந்தார். கையில் சின்ன மஞ்சள் கொடி. அதைப் பார்த்துப் பின்னாலேயே வரவேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அக்கா அதைத் தமிழாக்கினார். இங்கிலீஷில் அவர் பேசுவதும், அக்கா சொல்வதும், நான் குறுக்கே கேட்பதுமாக ஊர்வலம் கிளம்பியது.

உண்மையைச் சொன்னால் அந்த ஊர் எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பழைய மரவீடுகள் நெருக்கமாக நின்ற ஒரு தெருவில், வாசலுக்கு வாசல் சிவப்பு வாளி. வாளி நிறையத் தண்ணீர். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “அண்ணாச்சி, இந்த ஊர்ல யாரோ நல்ல போர்மேன் இருக்கான்” என்றேன். முதலில் போனது சிவப்பு வாசல் வைத்த ஒரு கோயில். வாசலில் கல்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மூங்கில் அகப்பையில் அள்ளி இடது கை, வலது கை, பிறகு வாய் என்று கழுவ வேண்டும். கும்பிட்டு, கைதட்டி, மறுபடி கும்பிட வேண்டும். எனக்கு எல்லாம் புரிந்தது. உள்ளே போகுமுன் கை கழுவு, ஒழுங்காக வரிசையில் நில், போர்டில் எழுதியிருப்பதை மீறாதே. எங்கள் கம்பெனிதான். மற்ற போர்மேன்களிடம் நானே வழிகாட்டி போல விளக்கிக்கொண்டு நடந்தேன். செம்புத் தகடு எங்கே என்று மட்டும் தேடினேன்.

அடுத்து ஒரு பெரிய மரக்கோயில். அம்மாடி! அத்தனை உயரத்துக்கு, ஒரு செங்கல் இல்லாமல், தூணும் கூரையும் எல்லாம் மரம். செருப்பைக் கழற்றிப் பையில் போடச் சொன்னார்கள். உள்ளே சுற்றிவிட்டு வெளியே வந்தோம். இந்தக் கோயில் பலமுறை எரிந்து பலமுறை கட்டப்பட்டது என்றார் சச்சிகோ அம்மா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“எப்படி எரிஞ்சுச்சுன்னு கேளுங்கக்கா.”

“இடி விழுந்துச்சாம்.”

“அடுத்த தடவ?”

“சண்டையாம்.”

“அதுக்கு அடுத்து? வெளக்குச் சாஞ்சிருக்கும். கேளுங்கக்கா. பின்வாசல் எங்கன இருக்குன்னும் கேளுங்க. கதவு உள்பக்கம் தொறக்குதே, தப்பாச்சே!”

“சாமி கும்பிட வந்தீகளா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீகளா?” என்று அக்கா கேட்டார். சச்சிகோ அம்மா மஞ்சள் கொடியோடு என்னைவிட்டுக் கொஞ்சம் விலகி நடக்க ஆரம்பித்தார். இனிக் கேள்வி கேட்பதில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்படியே மூடி வைத்திருக்கலாம்.

முற்றத்தின் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு வெண்கலக் கொப்பரை. அதில் சாம்பலை நிரப்பி ஊதுபத்தி குத்துகிறார்கள். அந்தப் புகையைக் கையால் அள்ளி உடம்பில் தடவிக்கொள்கிறார்கள். எங்கெங்கே வலியோ அங்கங்கே தடவினால் குணமாகுமாம். அக்கா குடையை ஊன்றிக் கொப்பரை அருகே நின்று குனிந்து முட்டிக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி, வெள்ளைக் கூழாங்கல் விரித்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். செடியே இல்லாத தோட்டம். கல்லின் மேல் சீப்பால் வாரியது போல வரிவரியாக அலை இழுத்திருந்தார்கள். நடுவில் இரண்டு பாறை. யாரும் மிதிக்கக் கூடாது என்பதற்காக ஓரத்தில் ஒரு தாழ்ந்த கயிறு.

சுற்றுலா வந்த ஒரு வாலிபன் ஊதுபத்திக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே பற்றவைத்துக் கொப்பரையில் குத்தினான். கட்டு முழுக்க ஒரேயடியாகப் பிடித்துத் தீ குபீரென்று எழும்பியது. பின்னால் மரக்கோயில். தூண் அருகில் சிவப்பு வாளி. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தானே எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்.

“ஓடு!”

நாரணாபுரத்தில் கத்துகிற அதே கத்தல். கத்திய கையோடு வாளியைத் தூக்கிக் கொப்பரையில் வீசினேன். சூடான சாம்பலில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு போர்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளையாக ஒரு புகைமண்டலம் கிளம்பி, கொப்பரையையும் அக்காவையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

ஜப்பான்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. முதலாளி, போர்மேன் என்ற பேதமில்லாமல் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்த முற்றத்தில் வெட்டவெளி என்று இருந்தது அந்தக் கூழாங்கல் தோட்டம் ஒன்றுதான். கயிற்றைத் தாண்டி, அலைகளை மிதித்துக்கொண்டு ஓடி, பாறைகளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குப்புற விழுந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் பறக்க ஓடியவர் எங்கள் அண்ணாச்சி. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ரசிக்கத்தான் முடியவில்லை.

படுத்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி நின்றிருந்த இடத்தில் வெள்ளைப் புகை மட்டும் இருந்தது.

“ராஜாத்தி!”

அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. எழுந்து, தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துக்கொண்டு, புகையை நோக்கித் திரும்பி ஓடினார். “திரும்பாதீக அண்ணாச்சி! திரும்பாதீக!” என்று நான் பழக்கதோஷத்தில் கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கூழாங்கல் வழுக்கி ஒருமுறை விழுந்து, மறுபடி எழுந்து ஓடினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கூரை போன அறையைப் பார்த்து லேபிள் ஷெட்டிலிருந்து ஓடிவந்த பாக்கியத்தின் முகம் அது.

புகை கலைந்தது. தலையெல்லாம் சாம்பலாக, குடையை ஊன்றியபடி அக்கா நின்றிருந்தார்.

“எங்கிட்டு ஓடுதீக? நான் இங்கனதான் நிக்கேன்.”

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க, ஜப்பான் பார்க்க, விடவே இல்லை. சச்சிகோ அம்மா கொடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு நின்றார். பயமா, அழுகையா என்று பார்த்தால் தோள் குலுங்கியது. சிரிப்பு.

உள்ளிருந்து மொட்டைத்தலையோடு ஒரு சாமியார் வந்தார். ஈரச் சாம்பலைப் பார்த்தார். நாசமாகிப்போன தோட்டத்தைப் பார்த்தார். கல்லில் குப்புறக் கிடந்து ஒவ்வொருவராக எழுந்து தட்டிக்கொண்டிருந்த சிவகாசி முதலாளிகளைப் பார்த்தார். சச்சிகோ அம்மா அவரிடம் குனிந்து குனிந்து என்னவோ சொன்னார். பட்டாசு என்பது மட்டும் அவர் கை வானத்தை நோக்கி விரிந்ததில் புரிந்தது. சாமியார் என்னைத் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்து, பழைய இடத்தில், பழைய மாதிரியே வைத்தார். அதற்குப் பிறகுதான் மரச் சீப்பை எடுத்துத் தோட்டத்துக்குள் இறங்கினார். காலியான வாளியை முதலில் நிரப்பு, மற்றதெல்லாம் பிறகு என்று நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்தக் கேவலத்திலும் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

உதவுகிறோம் என்று போனவர்களை அவர் தோட்டத்துக்குள் விடவில்லை. போதும், நீங்கள் செய்தது போதும் என்பது போலக் கையைக் காட்டினார். நாங்கள் ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று, அலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்தோம். மூன்றாவது கோயிலுக்குப் போக நேரமில்லை. அந்தக் கோயில் தப்பித்தது.

வண்டியில் திரும்பினோம். அண்ணாச்சியின் மீசையில் சாம்பல் ஒட்டியிருந்தது. கண்ணாடி மடியில் கிடந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“ஏன்யா, நீ ஓடுன்னு சொன்ன, நான் ஓடிட்டேன். இவளுக்கு முட்டி வலின்னு எனக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் ஓடிருக்கேனேய்யா.”

“அது சட்டம் அண்ணாச்சி. நீங்க போட்டதுதான்.”

“ஓட முடியாதவுகளுக்கு நான் என்ன சட்டம்யா போட்டேன்?”

அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“செல்லையா பொண்டாட்டி இன்னும் லேபிள் ஷெட்டுலதான் இருக்கா?”

“ஆமா அண்ணாச்சி.”

மத்தியானம் மெஷின் கம்பெனியில் டீ வைத்து, காகிதங்களை வைத்து, வணக்கம் வைத்து, என்ன முடிவு என்று கேட்டார்கள். அக்கா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி, “வாங்கிருவோம்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவ்வளவு சீக்கிரம் கேட்டதை அக்காவாலேயே நம்ப முடியவில்லை. மொழிபெயர்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், “எஸ், எஸ்” என்று கத்தினேன். என் இங்கிலீஷ் அங்கே உதவியது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

ஊருக்கு வந்து இறங்குவதற்குள் கூட வந்த போர்மேன்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மெஷின் பிறகு வந்தது. கனமான சுவர் எழுப்பினோம். செல்லையா அதற்குப் பின்னால் பட்டனுக்கு முன்னால் உட்கார்ந்தான். ஆரம்பத்தில் மருந்து சரியாகச் சேரவில்லை. அவன்தான் உட்கார்ந்து உட்கார்ந்து பாத்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கூட்டி வழிக்குக் கொண்டுவந்தான். நான் பழக்கத்தில் அவன் பக்கத்தில் போய் நிற்பேன். “இங்கன என்னண்ணே வேல உங்களுக்கு?” என்று விரட்டுவான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், காற்று வறண்ட ஒரு காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக வெளிச்சம் அடித்தது. மெஷின் அறையின் கூரை பறந்தது. இந்த முறையும் அறை முந்திக்கொண்டது; பிறகுதான் நான் கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். அன்றைக்குக் கம்பெனிக்கு வந்திருந்த அண்ணாச்சியும் ஓடி, உடைமுள் காட்டில் எனக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒரே ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமாகப் போனாள். பாக்கியம், கையில் ஒட்டாத லேபிளோடு, புகையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தலையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து, காலை இழுத்துக்கொண்டு, செல்லையா வெளியே வந்தான்.

“ஏ பாக்கியம், எங்கிட்டு ஓடுத? நான் இங்கனதான் நிக்கேன்.”

சுற்றிப் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டினார்கள். அண்ணாச்சியும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. முகத்தைத் தரையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தேன். கேட்டவர்களிடம் முட்டிவலி என்று சொல்லிவிட்டேன்.